நீ தேர்ந்தெடுத்த தீவு

அலமாரியின் மேல்தட்டிலிருந்து நீலப் பையை இறக்கித் திறந்தபோது தேங்காய் வாசனை வந்தது. சமையலறைத் தேங்காய் அல்ல. கடற்கரையில் பூசிக்கொள்ளும் சன்ஸ்கிரீனில் வருமே, பாதி இனிப்பும் பாதி மருந்துமாக, அது. நான்கு வருடத்துக்கு முன்னால் நீ இரண்டு குழாய் வாங்கி, "உனக்கொண்ணு, எனக்கொண்ணு" என்று என் கையில் திணித்தாய். என்னுடையது மூடி வெடித்து, பையின் துணியில் ஊறிக் காய்ந்து கிடக்கிறது. நாளை மறுநாள் காலை நான் உன் தீவுக்குக் கிளம்ப வேண்டும். பையைத் துவைக்கப் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். அந்தப் பழைய பயம் மறுபடி வந்திருக்கிறது. உனக்கு அது தெரிந்ததுதான்.

பிளெய்ன்ஸ்பரோவில் உன் வீடு மாடியில், எங்கள் வீடு நேர் கீழே. ஆபீஸ் வேறு வேறு என்றாலும் ரயில் ஒன்று. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ஏறினால் நூவர்க் வரை நமக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கும். அந்த முக்கால் மணி நேரத்தில் மற்றவர்கள் தூங்கினார்கள், மெயில் பார்த்தார்கள். நாம் பேசினோம். ஒரு ஜனவரி காலையில் பனியால் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. நீ போனை என் பக்கம் திருப்பினாய். பச்சையும் நீலமுமாக ஒரு கடல், இரண்டு மர நாற்காலிகள்.

"நாலு நாளு புள்ள. கோட்டை வேண்டாம், மியூசியம் வேண்டாம், ஒண்ணையும் சுத்திப் பாக்க வேண்டாம். சேர்ல உக்காரணும். மீன் திங்கணும். மறுபடி வந்து சேர்ல உக்காரணும்."

அதுவரை நாம் போன விடுமுறைகள் எல்லாம் வேனில் ரைஸ் குக்கரோடு போனவை. நயாகரா என்றாலும் புளிசாதம், ஸ்மோக்கி மலை என்றாலும் புளிசாதம். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குக் கால் அமுக்கி, பிள்ளைகளுக்கு வாந்தி துடைத்துத் திரும்புவோம். யாருக்கும் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதற்காக ஓர் இடத்துக்குப் போகலாம் என்பதே எனக்கு அன்றுதான் தோன்றியது. தோன்றிய கையோடு பயமும் வந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. புயல் வந்தால்? மீன் ஒத்துக்கொள்ளாமல் போனால்? என் மகள் நிலாவுக்கு அப்போது எட்டு வயது, அவளை விட்டுவிட்டு எப்படி? ஒவ்வொன்றுக்கும் நீ ஒரு பதில் வைத்திருந்தாய். கடைசியில் நான் பெரிய கல்லை எடுத்துப் போட்டேன். என் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகி இருந்தது. இங்கே இருக்கலாம், வேலை பார்க்கலாம். ஆனால் நாட்டைவிட்டு வெளியே போனால், மறுபடி தூதரகத்தில் முத்திரை வாங்காமல் உள்ளே வர முடியாது. உனக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. அதை நீ ஒருநாளும் எனக்கு உறைக்கும்படி பேசியதில்லை. ஒரு வாரம் கழித்து, ஒரு காலையில் பிளாட்பாரத்திலேயே பிடித்துக்கொண்டாய்.

"கண்டுபிடிச்சுட்டேன். செயின்ட் க்ராய். கரீபியன்ல இருக்குது, ஆனா அமெரிக்காக்காரன் ஊரு. நீ நாட்ட விட்டே போகல. அங்க வண்டிகூட நம்மூரு மாதிரி இடது பக்கந்தான் ஓட்டுறாங்களாம்."

அதற்குப் பிறகு ரயிலில் நாம் சாப்பாட்டுப் பட்டியல்களாகப் படித்தோம். வெண்ணெயில் வதக்கிய சங்குச் சதை, ஆட்டுக்கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி, சாதிக்காய் தூவிய ரம் பஞ்ச். குடித்தே பழக்கமில்லாத நீ, அந்த ஒரு கிளாஸை மட்டும் கால் நீட்டி உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்றாய். ஃபஞ்சி என்றொரு பதார்த்தத்தின் படத்தைப் பார்த்துவிட்டு ரயிலே திரும்பிப் பார்க்கச் சிரித்தாய். "இது களி புள்ள. மக்காச்சோள மாவுல வெண்டைக்காயப் போட்டு கிண்டிருக்கான். என்ற ஊருல இதுக்குப் போயி ஃப்ளைட் ஏறுவாங்களா?"

ஏப்ரலில் போவதாக இருவருக்கும் டிக்கெட் போட்டாய். நாம் இருவர் மட்டும்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, இன்டர்நெட்டில் யாரோ எழுதியதைப் படித்தேன். அந்தத் தீவிலிருந்து திரும்பும்போது விமான நிலையத்தில் அதிகாரிகள் காகிதங்களைப் பார்ப்பார்களாம், கேள்வி கேட்பார்களாம். எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றும் ஆகாது என்றுதான் அதிலும் எழுதியிருந்தது. என் கண்ணில் அந்த வரி பட்டது, மனசில் ஏறவில்லை. ஒரு சின்ன அறையில் நான் தனியாக உட்கார்ந்திருப்பது போலவும், நிலா இங்கே பள்ளி வாசலில் நிற்பது போலவும் ஒரு காட்சி வந்து உட்கார்ந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை மதியம் உனக்கு மெசேஜ் அனுப்பினேன். நிலாவுக்குக் காய்ச்சல், வர முடியாது என்று.

மறுநாள் ரயிலில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. "காச்சல் தேவலையா?"

"பரவால்ல."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நூவர்க் வரும் முன்பு, "தீவு அங்கயேதான் இருக்கும், விடு" என்றாய். நீயும் தனியாகப் போகவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அந்த வாரம் வீட்டில் பரண் சுத்தம் செய்தாய் என்று உன் வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

அடுத்த வருடம் போகலாம் என்றோம். அடுத்த வருடம் உன் மகள் தாரணி கல்லூரிக்குப் போனாள். அதற்கடுத்த வருடம் உனக்குச் சாப்பிட்டதெல்லாம் நெஞ்சில் நிற்பதாகச் சொன்னாய். கணையத்தில் புற்று என்று தெரிந்தபோது அக்டோபர் ஆகியிருந்தது.

டிசம்பரில், கஞ்சிகூட உள்ளே இறங்காத நாட்களில், மத்தியான வேளைகளில் நான் மாடிக்கு வந்து உன் பக்கத்தில் உட்காருவேன். ஒருநாள், "அந்த மெனுவப் படி புள்ள" என்றாய். எனக்குப் புரியவில்லை. "தீவு மெனு. நொம்ப நாளாச்சு."

போனைத் தேடி எடுத்துப் படித்தேன். நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். ஆட்டுக்கறி என்றதும் உதட்டை நனைத்துக்கொண்டாய். களி வந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினேன்.

"அன்னிக்கு நிலாவுக்குக் காய்ச்சல் இல்ல" என்றேன்.

"தெரியும். அன்னிக்குச் சாயங்காலம் என்ற வீட்டுல வந்து அஞ்சு தோசை தின்னாள்ல. காச்சக்காரி அஞ்சு தோசையா திம்பா?"

நீ சிரித்தாய், சிரித்ததில் வலித்தது, வலி அடங்கும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய். "பயந்தது தப்பில்ல. பயமா இருக்குதுன்னு எங்கிட்டச் சொல்லல பாரு, அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் என்ன, உன்னத் திட்டவா போறேன்?"

போர்வையைச் சரி செய்தேன். போன வருடம் பொங்கலுக்கு நீ இல்லை.

இந்த மார்ச்சில் தாரணி கூப்பிட்டாள். அவளுக்கு இருபது முடிந்துவிட்டது. நான் தமிழில் பேச, அவள் இங்கிலீஷில் பதில் சொல்வது நீ இருந்த நாளிலிருந்து நடப்பதுதான். "ஆன்ட்டி, அம்மாஸ் ஐலண்ட். ஐ வான்ட் டு கோ" என்றாள். அப்பா வர மறுக்கிறார், தனியாகப் போகப் பிடிக்கவில்லை, நீங்கள் வருவீர்களா என்று கேட்டாள். பூஜை, படம், அஞ்சலி எதுவும் கூடாதாம். "ஜஸ்ட் பீச்." நான் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

என் விசா நிலைமை இன்னும் அதேதான். என் வீட்டுக்காரர் இரவுச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்தபடியே, "இப்ப இருக்கிற நிலைமைல இதெல்லாம் தேவையா? கொஞ்சம் வெயிட் பண்ணலாம்ல" என்கிறார். அவர் பயமும் என் பயமும் ஒரே அச்சு. புதுப்பித்த அனுமதிக் கடிதம், சம்பளச் சீட்டு, ஆபீஸ் கடிதம் எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அப்படியும் இன்று காலை தாரணிக்கு ஒரு மெசேஜ் எழுதினேன். "நிலாவுக்கு ஸ்கூல்ல" என்று தொடங்கி, அதற்குமேல் போகாமல் அழித்தேன்.

இவ்வளவு எழுதியதும் நிலா வந்து கூப்பிட்டாள், எழுந்து போய்விட்டேன். அதற்கப்புறம் ஒன்பது நாள் ஆகிவிட்டது. போய்விட்டு வந்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

மயாமியில் விமானம் மாறி மதியம் இறங்கினோம். வண்டி ஓட்டிய அம்மாள் நிஜமாகவே இடது பக்கம்தான் ஓட்டினாள். வழியெல்லாம் மாமரம். நீ படத்தில் காட்டிய நாற்காலிகள் அதே இடத்தில் இல்லை, வேறு மாதிரி பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. முதல் நாள் எனக்கு எதுவும் ரசிக்கவில்லை. கைப்பையை மடியைவிட்டு இறக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாரணி ரம் பஞ்ச் கேட்டாள். நான் நிமிர்ந்து பார்த்ததும், "இட்ஸ் எய்ட்டீன் ஹியர் ஆன்ட்டி, லீகல்" என்றாள். எங்கள் பக்கம் இருபத்தொன்று ஆக வேண்டும், இங்கே குடிக்கப் பதினெட்டு போதும். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியாமல் தலையை ஆட்டினேன். அவள் பாதி குடித்துவிட்டு என் பக்கம் நகர்த்தினாள். இனிப்புக்குப் பின்னால் காரமாக இறங்கியது. களியும் வந்தது, வறுத்த மீனோடு. தாரணி ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே போட்டாள். அவள் அழுது முடிக்கும் வரை பக்கத்து மேஜைக்காரர்கள் நல்லவேளையாக இந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு தட்டைக் காலி செய்தாள்.

மூன்றாம் நாள் காலை அவள் நீந்தப் போனாள். கொஞ்ச நேரத்தில் தலை ஒரு புள்ளியாகி, பிறகு அதுவும் தெரியவில்லை. நான் முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்று அவள் பெயரைக் கத்தினேன். உன் பெண்ணை இங்கே கொண்டுவந்து தொலைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து சாவகாசமாக வந்தாள். அவளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. ஈரக் கையால் என் தோளைப் பிடித்து மணலில் உட்காரவைத்தாள்.

"அம்மா டோல்ட் மீ" என்றாள். ஆன்ட்டி கடைசி நிமிடத்தில் வரவில்லை என்று சொல்லலாம், சொன்னால் கோபப்படாதே, திரும்பவும் கேள் என்று நீ சொல்லி வைத்திருக்கிறாய். அதற்காக அவள் இரண்டாம் முறை கேட்கத் தயாராகத்தான் இருந்திருக்கிறாள்.

அங்கே உட்கார்ந்து நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் பொய்யை, அந்தச் சின்ன அறையை, நாளை திரும்பும்போது அந்த அதிகாரியை நினைத்தால் சோறு இறங்கவில்லை என்பதை. ஒரு சின்னப் பெண்ணிடம் இப்படிக் கொட்டுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. அவள் கேட்டுவிட்டு, "ஓகே. ஐ வில் ஸ்டே வித் யூ" என்றாள்.

மறுநாள் விமான நிலையத்தில் அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்து உடனே விட்டுவிட்டார்கள். என்னுடையதைப் புரட்டிய அதிகாரி முத்திரையைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், பக்கத்து பெஞ்சில் உட்காரச் சொன்னார். தாரணி வந்து என் அருகில் உட்கார்ந்தாள். நீங்கள் போகலாம் என்று அவளிடம் சொன்னார்கள். "ஐ ஆம் வித் ஹெர்" என்றாள். இருபது நிமிடம் அந்த பெஞ்சில் இருந்தோம். நான்கு வருடமாக நான் மனசுக்குள் பார்த்த காட்சிதான் அது, ஆனால் அதில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்ததில்லை. பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். என்ன வேலை என்று கேட்டார்கள், எந்த ஊரில் வீடு என்று கேட்டார்கள், காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

பயம் போய்விட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அடுத்த வருடம் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும், அதை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது. வந்த அன்று அதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எனக்கும்தான்" என்றார். பதினைந்து வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது முதல் தடவை.

நேற்று மதியம் தாரணி கல்லூரியிலிருந்து கூப்பிட்டாள். இன்டர்ன்ஷிப்புக்கு இன்டர்வியூவாம், இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எப்போதும்போல இங்கிலீஷில்தான் தொடங்கினாள், நடுவில் நின்றாள். பிறகு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்ததுபோல, "ஆன்ட்டி, எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

பயப்படாதே என்று நான் சொல்லவில்லை. "சரி, லைன்லயே இரு" என்றேன். அரை மணி நேரமும் இருந்தாள்.