வெளியே விட்ட சேட்டு

ஹார்பூர்க், ஹம்பேர்க்
12.09.2025

அன்பின் காந்திக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய். சுகமில்லை என்று எழுதினால், 'என்னைக் கூப்பிட இது ஒரு சாட்டு' என்பீர். ஆகவே இரண்டையும் எழுதாமல் விடுகிறேன். நீரும் மிதுசாவும் பேத்தியும் நலமாயிருக்க வேண்டும்.

போனில் கதைத்தால் நான் கத்துகிறேன், நீர் வைத்துவிடுகிறீர். மகள்தான் "அப்பா, பழையபடி கடிதம் எழுதிப் பாருங்கோவன்" என்றாள். அகதி முகாமிலிருந்து உமக்கு எழுதிய காலத்துக்குப் பிறகு இப்போதுதான் ஒழுங்காகப் பேனை பிடிக்கிறேன். எழுத்துக் கோணினால் என் மணிக்கட்டைத்தான் ஏச வேண்டும். சுரங்கப்பாதையில் அந்த இரண்டு பேரும் கத்தியைக் காட்டித் தள்ளிவிட்டபோது முறிந்த மணிக்கட்டு, மழை நாளில் இன்னமும் உளைகிறது.

நீர் கோபித்துக்கொண்டு டோர்ட்மண்டுக்குப் போனீரே தவிர, நான் வாங்கியதை ஒருமுறையாவது வடிவாகப் பார்க்கவில்லை. அது ஆளைக் கொல்லும் துவக்கு இல்லை, காந்தி. அதிலிருந்து குண்டு வராது. பெரிய சத்தமும், கண் எரியும் புகையும்தான் வரும். அன்ட்றாக் என்று விண்ணப்பம் போட்டு, பொலிஸ் என் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளியும் இல்லை என்று பார்த்துத்தான் அனுமதி தந்தது. உடுப்புக்குள் மறைத்துக் கொண்டு திரியலாம்.

கடைக்காரன் கண்ணாடிக்கு மேல் வரிசையாக வைத்தான். எனக்குப் பெரியதில்தான் கண். இடுப்பில் செருகிப் பார்த்தால் வயிற்றுக்கு மேல் இன்னொரு வயிறு. கடைசியில் சின்னதையே எடுத்தேன். சேட்டை ஒரு அளவு பெரிதாக வாங்கி, கால்சட்டைக்குள் செருகாமல் வெளியே விட்டிருக்கிறேன். இப்போது நம்முடைய கடையில் அரிசி மூட்டை தூக்கக் குனிந்தால் விலாவில் குத்துகிறது. கழிப்பறைக்குப் போனால் அதை எங்கே வைப்பது என்பது தனி ஆராய்ச்சி. ரயிலில் கொண்டுபோனால் கரைச்சல் என்று சொன்னார்கள், அதனால் காரில்தான் போய்வருகிறேன். நீர் சிரிப்பீர் என்று தெரியும். சிரியும். ஆனால் அது இடுப்பில் இருந்தால் எனக்கு நித்திரை வருகிறது. அதற்கு முந்திய மாதங்கள் நான் நித்திரை கொள்ளவில்லை என்பது பக்கத்தில் படுத்த உமக்குத் தெரியாததா?

வீட்டுக்கு வாரும்.

உமது,
ஆனந்தராசா

*

டோர்ட்மண்ட்
21.09.2025

மிதுசாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி அதை எடுத்துத் தாத்தாவின் எழுத்து எறும்பு போகிறது போல இருக்கிறது என்று டொச்சு மொழியில் சொன்னாள். நீங்கள் கழிப்பறை பற்றி எழுதியதை வாசித்துச் சிரித்தேன்தான். சிரித்து முடித்துவிட்டு அழுதேன்.

கருவாட்டைத் தொடாதீர்கள், பிரஷர் குளிசையை விடாதீர்கள். மகன் கஜன் ஞாயிறுகளில் கடைக்கு வந்து கணக்குப் பார்ப்பதாகச் சொன்னான். அவனுக்கு ஒருவாய் சோறு போட்டு அனுப்புங்கள்.

நான் ஏன் போனேன் என்று உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. நீங்கள் அதை வாங்கி வந்த அன்று என்னிடம் சொல்லவில்லை. கதவைத் திறந்து உள்ளே வந்தீர்கள், சப்பாத்தைக் கழற்றினீர்கள், குசினிப் பக்கம் நடந்தீர்கள். நான் அப்போதே "எங்கே வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டேன். உங்களுக்கு ஆச்சரியம். எனக்கு அந்த நடை தெரியும்.

ஊரில் என் சின்னண்ணையைக் கூட்டிக்கொண்டு போக வந்தவரும் சேட்டை வெளியேதான் விட்டிருந்தார். பின்னேரம், நல்ல காற்று. சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டுத் தண்ணீர் கேட்டார். நான்தான் செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக் குடித்தார். வலது கை சேட்டின் கீழ் விளிம்பைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தது. கால்சட்டை கிழிந்துவிட்டது போல, பாவம், மறைக்கிறார் என்று நினைத்தேன். அவர் மரியாதையாகக் கதைத்தார், செம்பைத் திருப்பித் தந்தார். "கொஞ்சம் கதைச்சிட்டு அனுப்பிறம்" என்று அம்மாவிடம் சொன்னார். சின்னண்ணை சாரத்தோடுதான் போனார். வெடிச்சத்தம் சந்தியிலிருந்து கேட்டது. அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அவருடைய முகம் எனக்கு மறந்துபோய்விட்டது. அந்தக் கை மறக்கவில்லை. குண்டு வருமா வராதா என்று நீங்கள் விளக்கம் சொல்கிறீர்கள். சேட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் என் குசினியில் நடந்தால் எனக்கு மூச்சு வருவதில்லை. நீங்கள் பயந்தீர்கள், அது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடு நான் உங்களுக்குப் பக்கத்தில் எத்தனை வருடமும் படுப்பேன். அதோடு படுக்க ஏலாது. அது வீட்டைவிட்டுப் போகிற அன்று நான் வருகிறேன். இதைவிட வேறு ஒரு கோபமும் எனக்கு இல்லை.

உங்கள்,
காந்தி

*

ஹார்பூர்க்
09.10.2025

அன்பின் காந்திக்கு,

உமது கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்தேன். சின்னண்ணையின் கதையை இவ்வளவு காலத்தில் நீர் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. செம்பு பற்றி எனக்குத் தெரியாது. என்ன எழுதுவது என்று விளங்காமல்தான் பதில் பிந்திப்போனது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாரும். அன்றைக்கு உம்முடைய வீட்டில் ஒருவரிடமாவது இப்படி ஒன்று இருந்திருந்தால்? நான் வந்தவனுடைய பக்கம் இல்லை, காந்தி. நான் சின்னண்ணையின் பக்கம் நிற்கிறேன். என்னைத் தள்ளி விழுத்திப்போட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சிரிப்பு இப்போதும் கேட்கிறது. அது இடுப்பில் இருந்தால் கேட்பதில்லை. நான் கெட்டவன் இல்லை என்று உமக்குத் தெரியும்.

இங்கே மழை விட்டபாடில்லை. கறிவேப்பிலைப் பெட்டி பாதி கறுத்துத்தான் வந்து சேர்கிறது. நம்முடைய பென்ஜமின் போன கிழமை கடைக்கு வந்தான். மகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. அழைப்பிதழைத் தபாலில் போட்டால் மரியாதை இல்லை என்று டோர்ட்மண்டிலிருந்து நேரே கொண்டுவந்தான். முகாமில் ஒரே கட்டிலில் மாறி மாறிப் படுத்தவர்கள் அல்லவா, எனக்குத்தான் முதல் அழைப்பிதழ் என்றான். தேத்தண்ணீர் போட்டேன். குடிக்க நேரமில்லை என்று போய்விட்டான். அழைப்பிதழில் ஒரு மூலை நனைந்து மடங்கிவிட்டது. ஹீட்டருக்கு மேல் வைத்துக் காயவிட்டிருக்கிறேன். தொப்பியையும் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவனுடைய மனைவி றோசம்மாவைக் கண்டால் தொப்பி இங்கே இருக்கிறது என்று சொல்லும். வேண்டாம், நானே அவனிடம் சொல்கிறேன்.

இந்தக் கிழமை அவ்வளவாக நித்திரை இல்லை. மழைதான் காரணம்.

உமது,
ஆனந்தராசா

*

டோர்ட்மண்ட்
17.10.2025

மிதுசாவின் அப்பாவுக்கு,

நேற்று றோசம்மா வந்தாள். கையில் கலியாண அழைப்பிதழ். ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதானே, அண்ணை ஹம்பேர்க்கில் இவரிடம் கொடுத்துவிட்டாராமே என்று நான் சொன்னேன். அவள் கதிரையில் இருந்து அழுதாள். அதற்குப் பிறகுதான் நீங்கள் எழுதாமல் விட்டதெல்லாம் எனக்குத் தெரியவந்தது.

பென்ஜமின் அண்ணை மழைக்குத் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, கடை பூட்டுகிற நேரம், பாதி இறக்கிய கதவுக்குக் கீழால் குனிந்து உள்ளே வந்தார். உங்களைத் திடுக்கிட வைத்துச் சிரிக்கலாம் என்று பேசாமல் வந்தாராம். அழைப்பிதழ் நனையக்கூடாது என்று கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்திருந்தார். அதை எடுக்கக் கையை உள்ளே விட்டார். நீங்கள் திரும்பினீர்கள், கையில் அது.

அவர் கத்தவில்லையாம். "மச்சான், நான்தான்" என்றுகூடச் சொல்லவில்லையாம். அரிசி மூட்டைகளுக்கு நடுவே முழந்தாளில் இருந்து, ஒரு கையைப் பிடரியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அந்த அழைப்பிதழை உங்களுக்கு நீட்டினாராம். "ஐசி இருக்கு மாத்தையா, ஐசி இருக்கு" என்று. ஊரில் சென்றியில் மறிக்கிற ஆமிக்காரனை ஐயா, மாத்தையா என்று கெஞ்சி அடையாள அட்டையை நீட்டுகிறது போல, மகளின் கலியாண அழைப்பிதழை. அதுதான் அந்த மூலை மடங்கிப்போனது. தேத்தண்ணீர் குடிக்க அவருக்கு எப்படி நேரம் இருக்கும்?

அவருடைய கால்சட்டையைத் தோய்த்தது றோசம்மா. "மழைத்தண்ணி மட்டுமில்லை அக்கா" என்றாள். அவர் இப்போது லைற்றைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாராம். உங்களை ஒரு சொல் குறை சொல்லவில்லை. "பாவம், அவன் பயந்திட்டான்" என்று மட்டும் சொல்கிறாராம்.

சின்னண்ணையின் பக்கம் நிற்கிறேன் என்று எழுதினீர்கள். அந்த இரண்டு வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்கு உங்களோடு கோபமாக இருக்கிறது. இந்தக் கோபம் போனமுறை எழுதியதைவிடப் பெரியது.

காந்தி

*

ஹார்பூர்க்
26.10.2025

அன்பின் காந்தி,

நேற்றுக் கொண்டுபோய்ப் பொலிசில் கொடுத்துவிட்டேன். அனுமதிப் பத்திரத்தையும் கொடுத்தேன். அங்கே இருந்த பெண் ஏன் என்று கேட்டாள். மனைவிக்குப் பிடிக்கவில்லை என்றேன். சிரித்தாள். அது முழு உண்மை இல்லை, உமக்கு மட்டும் எழுதுகிறேன்.

அவன் முழந்தாளில் இருந்தபோது தொப்பி கழன்று பின்னால் விழுந்துவிட்டது. பென்ஜமின் என்று எனக்கு உடனே தெரிந்தது. தெரிந்த பிறகும் கை கீழே இறங்கவில்லை. இறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். அவன் என்னை மாத்தையா என்று கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். என்னைத் தள்ளிவிட்டவர்களின் சிரிப்பு அப்போது சுத்தமாக நின்றுபோயிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்த நாள் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "விடு மச்சான், கலியாணத்துக்கு வந்திடு" என்றான். நான் வருகிறேன். தனியாகப் போய் அவன் முன் நிற்க ஏலாது. தேவாலய வாசலில் எனக்குப் பக்கத்தில் நில்லும், காந்தி. கலியாணம் முடிய உம்முடைய பெட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அது வீட்டில் இல்லை. அலுமாரியைத் திறந்து பார்க்கலாம், என் இடுப்பையும் தடவிப் பார்க்கலாம்.

உமது,
ஆனந்தராசா

*

டோர்ட்மண்ட்
23.11.2025

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் தனியாகப் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததாகக் கஜன் சொன்னான். கலியாண மண்டபத்து வாசலில் என்னுடைய பெட்டியைக் காரிலிருந்து திரும்ப இறக்கச் சொன்னபோது நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்களுக்கு முன்னால் கேட்கவில்லையோ, தெரிந்துதான் கேட்கவில்லையோ தெரியாது. எதற்கும் எழுதிவிடுகிறேன்.

பெட்டியை நான் உண்மையாகவே அடுக்கி வைத்திருந்தேன். மிதுசா சந்தோசத்தில் உங்களுக்குப் பலகாரம் சுட்டுக் கட்டித் தந்தாள். தேவாலய வாசலில் உங்களைக் கோட்டும் ரையுமாகக் கண்டபோது, என்னவோ பெண் பார்க்க வந்தவர் போல இருந்தீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள்.

பிறகு மண்டபத்தில் வரிசையில் நின்று வாழ்த்தப் போனோம். பென்ஜமின் அண்ணை மகளுக்குப் பக்கத்தில் நின்று வந்தவர்களையெல்லாம் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். உங்களைக் கண்டும் சிரித்தார். நீங்கள் அன்பளிப்பு உறையை எடுக்கக் கோட்டுக்குள் கையை விட்டீர்கள்.

அவருடைய கைகள் எழும்பின. கொஞ்சம்தான். நெஞ்சுவரைக்கும். பொம்பிளையின் தகப்பன், பட்டு வேட்டியோடு, மகளுக்கு முன்னால். அவர் அதை மறைக்கப் பார்த்து ரையைச் சரிசெய்வது போலத் தடவினார், ஆனால் அவர் ரை கட்டியிருக்கவில்லை. நீங்கள் கையை உள்ளே விட்டபடியே கல்லாகிப் போனீர்கள். எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. பின்னால் வரிசை நின்றது. நான்தான் உங்கள் கோட்டுக்குள் கையை விட்டு, உறையை எடுத்து, அவருடைய கையில் வைத்தேன். அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. "வாங்கோ, படம் எடுப்பம்" என்றார். எடுத்தோம்.

அந்த நேரம் நான் உங்களோடு வருவதாகத்தான் இருந்தேன். உங்கள் இரண்டு பேரையும் பார்க்க எனக்கு அழுகை வந்தது. கோபம் போய்விட்டது, இதை நீங்கள் நம்ப வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் றோசம்மா போனைக் கொண்டுவந்து படத்தைக் காட்டினாள். கண்ணாடி போடவில்லை, எனக்கு எல்லோரும் மங்கலாகத் தெரிந்தார்கள். மங்கலிலும் ஒரு கை தெரிந்தது. கோட்டின் கீழ் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காற்றே இல்லாத மண்டபத்தில், அது பறந்துவிடும் என்பது போல. என்னை அறியாமல் "ஆர் இது?" என்று கேட்டேன். றோசம்மா சிரித்து, "என்னக்கா, உங்கட மனுசன்" என்றாள்.

நீங்கள் பொய் சொல்லவில்லை. அதைக் கொடுத்துவிட்டீர்கள், இடுப்பில் ஒன்றும் இல்லை. அதைத் தடவிப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கை என்னோடு வீட்டுக்கு வரும், தண்ணீர்ச் செம்பை நான் அதனிடம்தான் கொடுக்க வேண்டும். எனக்கு ஏலாது.

மிதுசா சுட்ட பலகாரத்தைக் கஜனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பென்ஜமின் அண்ணையின் தொப்பி இன்னும் உங்களிடம் இருந்தால் அவனிடமே கொடுத்துவிடுங்கள், நான் சேர்ப்பிக்கிறேன். நீங்கள் கொண்டுவர வேண்டாம்.

சந்திரகாந்தி