ஈரலில் நிற்கும் கோபம்

அனுசுயா,

திராட்சை வெட்டுக்கு ஆள் வந்துவிட்டது, தோட்டத்துக்குப் போகிறேன். நீ தூங்குவதால் எழுப்பவில்லை. இட்லி வாங்கி வைத்திருக்கிறேன்.

எனக்கு நேற்றைய அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை. மனச்சோர்வு என்று தேனி டாக்டர் உனக்கு மாத்திரை எழுதியதை நான் ஏற்கவில்லை. நம் குடும்பத்தில் யாருக்கு அப்படி வந்திருக்கிறது? சீன முறையில் நாடி பார்க்கிறவர் அதை மறுத்துச் சொல்வார் என்றுதான் சின்னமனூருக்கு உன்னைக் கூட்டிப்போனேன். அவரோ, "ஈரல்ல சக்தி ஓடாம நிக்குதுத்தா. கோவத்த முழுங்கி முழுங்கி வந்தது. நான் ஊசி குத்துறேன், டாக்டர் மாத்திரைய மட்டும் நிறுத்திராதீக" என்றார். பிறகு, "யார் மேலத்தா கோவம்?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய்.

நான் பீரோவில் பூட்டிய மாத்திரை இப்போது மேசையில் இருக்கிறது. சாப்பிட்டதும் போட்டுக்கொள். மதியம் என் தங்கை மொக்கம்மாள் வருவாள். அவளுக்காக அதை ஒளிக்க வேண்டாம். கேட்டால், "உங்க அண்ணன் வந்து சொல்லுவாக" என்று சொல்.

க. சுருளிவேல்

வெளியாள் முன்னால் நீ வாய் திறக்காதது சரிதான். சாயங்காலம் அந்தக் கோபத்தை என்னிடம் சொல். குறுக்கே பேசமாட்டேன்.