சீட்டுக்கு ஞாபகம் கிடையாது

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஞாயிறு விடுதி மேற்பார்வைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். மறுபடியும் நான்! ஆசிரியர்கள் ஆறு பேர், ஒரு பிஸ்கட் டப்பா, எடுப்பவள் என் தோழி இயற்பியல்காரி. மூன்று வாரமாக என் ஞாயிறுதான் பலி. அக்கா இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் ஞாயிறு மட்டுமே பார்வையாளர்களை விடுவார்கள். போனும் கிடையாது. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“உன் ராசி அப்படிடீ” என்று சிரிக்கிறாள். ராசியாம்!

ஆகஸ்ட் 4, ஞாயிறு

விடுதி வராந்தாவில் உட்கார்ந்து இந்த ஆண்டு மேற்பார்வைப் பட்டியலைப் பிரித்தேன். கணக்கு வகுப்பில் நடத்துகிற அதே அணி, அதாவது மேட்ரிக்ஸ்; இரண்டே வரிசை. இந்த வாரம் என் பெயர் வந்து, அடுத்த வாரமும் வந்தது: எட்டில் ஆறு. இந்த வாரம் வராமல், அடுத்த வாரம் வந்தது: பதினாறில் மூன்று. நேர்மையான குலுக்கலில் இரண்டு வரிசையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சீட்டுக்குப் போன வாரம் ஞாபகம் இருக்காதே. யாருக்கோ இருக்கிறது. யாருக்கு?

ஆகஸ்ட் 9, வெள்ளி

குலுக்கி முடித்ததும் டப்பாவுக்குள் கைவிட்டு, என் சீட்டு ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுப் போட்டேன். அவள் கண்ணை மூடி எடுத்தாள். நான்.

பொறுக்கவில்லை. அந்தக் கணக்குத் தாளை எல்லார் முன்னாலும் விரித்தேன். “உன் கைவரிசைய என்கிட்டயே காட்டுறியா? அங்க என் அக்கா அநாதையாக் கிடக்கிறா!”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “கணக்கு சரியாத்தான் இருக்கும். போட்டது நீயாச்சே.” டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது இதுதான் — இல்லையா?

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அவள் பேசவில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 14, புதன்

எப்படிச் செய்தாள் என்று கண்டுபிடிக்க டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே குலுக்கினேன். கை தானாக உள்ளே போனது. என் சீட்டைத் தேடி, படித்து, திரும்பப் போட்டேன். கண்ணை மூடி எடுத்தேன். நான். மறுபடியும். நான். ஐயோ — மேலாகக் கிடப்பது என் சீட்டு, போட்டது என் கை! ஒரு வாரம் மாட்டிக்கொண்டால் அடுத்த வாரம் இப்படித்தானே சோதிக்கிறேன். அந்த ஞாபகம் எனக்குத்தானா?

ஆகஸ்ட் 16, வெள்ளி

தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நூலகர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வேதியியல்காரர் பெயர் வந்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அக்கா கன்னம் பூசினாற்போல் இருக்கிறாள். நான் அழ ஆரம்பிப்பதற்குள் அவளே கேட்டாள்: “உன் தோழி எங்கடீ? நாலு வாரமா அவதானே வந்து தலை வாரிவிட்டா. நீதான் அனுப்பினேன்னு சொன்னா.”

“போன ஞாயித்துக்கிழமையுமா?”

“ஆமா. அன்னிக்கு மட்டும் அவ்வளவா பேசல.”