பொய் சொல்லும் ஊசி

என் ஏழுமலைக் கண்ணு,

உன் டிரம் அடுப்பு என்னை ஏமாற்றிவிட்டது. இதை வேறு யாரிடம் சொல்வது? நீ இருந்தால் ஒரு போன் போட்டிருப்பேன். "தோ வந்துட்டேன்கா" என்று ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்து நின்றிருப்பாய். சித்திரையில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. இப்போதும் கடையில் ஏதாவது கெட்டுப்போனால் என் கை முதலில் உன் நம்பரைத்தான் தேடுகிறது.

செத்தவனுக்கு அடுப்பு ரிப்பேரைப் பற்றி ஒரு கடிதமா என்று படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் வேலிகாத்தான் முள்மரக் கரி மூட்டை விற்றவளை பார்பிக்யூ கடைக்காரி ஆக்கியது அந்த அடுப்புதான். செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றது என் முகத்தைப் பார்த்து அல்ல. முழுக் கோழி எலும்பு வரைக்கும் ஒரே பதமாக வெந்திருக்கும். அதற்காக நின்றார்கள்.

நீதானே செய்தாய்! பழைய எண்ணெய் டிரம், ஒரு சின்ன ஃபேன், எண் காட்டுகிற ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து வயரோடு இரண்டு ஊசிகள். நீ சென்சார் என்பாய், கடையில் எங்களுக்கு அது ஊசிதான். ஒன்று டிரம்முக்குள் தொங்கி அனலைப் பார்க்கும், அனல் குறைந்தால் ஃபேன் தானாகச் சுற்றும். இன்னொன்றைக் கோழியின் தொடையில் குத்த வேண்டும். எழுபத்து நாலு டிகிரி காட்டினால் வெந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள நான் நினைத்ததே இல்லை. நீ இருந்தாயே, எனக்கு எதற்கு?

ஆயுத பூசை முடிந்து கடை திறந்த முதல் ஞாயிறு. ஊசி எழுபத்து நாலு காட்டியது. இறக்கினேன், வெட்டினேன், கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். தொடை எலும்பை ஒட்டி ரத்தம். பக்கத்தில் நின்ற நம்மூர்க்காரர் ஒருவர், "பூங்காவனம், கோழி இன்னும் உசுரோட இருக்குது, கொஞ்சம் தண்ணி காட்டு" என்றார். வரிசையே சிரித்தது. சிரித்துவிட்டு வரிசையே கலைந்தது.

அடுத்து ஏற்றிய கோழியிலும் அதே கதை. ஊசி வெந்துவிட்டது என்கிறது, கத்தி வேகவில்லை என்கிறது. யாரை நம்புவது? இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தேன். மேலே கருகிப் போனது.

பஜாரில் செல்போன் பழுது பார்க்கிறவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். திறந்து பார்த்தார், ஊதிப் பார்த்தார். "பெட்டிதான் போச்சுக்கா. இது ஏழுமலை கைவேல, வேற எவனுக்கும் புரியாது. தூக்கிப் போட்டுட்டு கேஸ் அடுப்பு வெச்சிக்கோ" என்றார். தூக்கிப் போடுவதா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன்.

இதற்கு நடுவில் சிங்கவரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. நீ இருக்கும்போதே வாக்குக் கொடுத்த ஆர்டர். பெண்ணின் அப்பா கடைக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, பச்சக் கறி போட்டியாமே? சிங்கவரம் வரைக்கும் வந்துட்டுது சேதி."

"உங்க வீட்டுக்கு அப்படி வராதுங்கண்ணா."

"வராதுன்னா சரி. சம்பந்தி வூட்டு ஜனம் முன்னாடி எங்க மானத்த வாங்கிடாத. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, நான் பிரியாணிக்குச் சொல்லிக்கிறேன்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தக் கல்யாணம் மட்டுமல்ல, கடையே போயிருக்கும். செஞ்சி சின்ன ஊர். 'ஏழுமலை செத்தான், அக்கா கடையும் செத்துது' என்று டீக்கடையில் ஒருவன் சொன்னால் போதும். முடியும் என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நானே வேலையில் இறங்கினேன். டீக்கடைக் கொதிநீரில் கோழி ஊசியை விட்டேன். நூற்று நாலு காட்டியது. கொஞ்சம்தான் கூட, அப்படியானால் ஊசியில் குற்றமில்லை, பெட்டிதான் என்று நானும் முடிவு கட்டினேன். அப்போதுதான் நீ ஒரு முறை சொன்னது மண்டையில் உறைத்தது: "கொதிக்கிற தண்ணில மட்டும் பாக்காதக்கா. ஐஸ்லயும் பாரு. ரெண்டுலயும் சரியா சொன்னாதான் அது நல்ல ஊசி." மீன் வண்டிக்காரரிடம் ஐஸ் வாங்கி, நொறுக்கித் தண்ணீர் விட்டு, ஊசியை முக்கினேன்.

நாற்பத்தைந்து! ஐஸ் கட்டி மிதக்கிற தண்ணீரில் நாற்பத்தைந்து என்று கூசாமல் காட்டுகிறது. கொதிநீரில் யோக்கியன் வேஷம், குளிரில் முழுப் பொய். கோழி அறுபத்துச் சொச்சத்தில் இருக்கும்போதே எழுபத்து நாலு என்று எனக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறது. வியாபாரத்தில் இப்படி ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊசியிலும் உண்டு என்று தெரியவில்லை.

அந்த ஊசியைப் பிடுங்கிப் பெட்டியின் இன்னொரு ஓட்டையில் செருகினேன். அங்கேயும் அதே நாற்பத்தைந்து. அப்படியானால் பெட்டி மேல் குற்றமில்லை. பெட்டியைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன் என்றால் நம்புவாயா?

உன் பொண்டாட்டி செல்வி அதுவரை கோழிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, "குடுங்க அண்ணி" என்று ஊசியை வாங்கினாள். நீ வேலை செய்யும்போது வயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அல்லவா? பெட்டியில் செருகுகிற முனையின் மூடியைத் திருகிக் கழற்றினாள். பார்ப்பதற்கு முன்னால் வாசனை மூக்குக்கு வந்துவிட்டது போல. அப்படியே முகம் வெளுத்துவிட்டது.

உள்ளே இரண்டு கம்பிக்கும் நடுவில் கறுப்பாகப் பிசுபிசுவென்று புளி.

ஆயுத பூசைக்குக் கடைச் சாமானெல்லாம் கழுவினோமே, குத்துவிளக்கை ஊறப்போட்ட அதே புளித்தண்ணீரில் ஊசிகளையும் முனையோடு ஊறப்போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

நான் பொறுமைசாலி இல்லை, உனக்குத் தெரியும். "அறிவு இருக்குதாடி உனக்கு? கரண்டு சாமான எவளாவது புளியில போடுவாளா?" என்று கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. "இந்த வருஷம் சாமானுக்கு நான் பொட்டு வெக்கக் கூடாதுன்னுட்டாங்க. படைக்கக் கூடாதுன்னுட்டாங்க. கழுவறதாவது நான் கழுவறேன்னு தான் அண்ணி கேட்டு வாங்கினேன். அவரு கை பட்ட சாமான், பளபளன்னு இருக்கணும்னு..." ஊசியை என் கையிலேயே திணித்துவிட்டு, "அவரு கட்டிட்டுப் போனத நானே கெடுத்துட்டேன். இனிமே இத நான் தொட மாட்டேன்" என்றாள்.

அந்த விளக்குகளோடு சேர்ந்து ஊசிகள் மின்னியதைப் பார்த்து, "பரவாயில்லையே" என்று மெச்சியவள் நான்தானே?

உன் வேலை மேசையில் இருந்த தகர டப்பாவைக் கவிழ்த்தேன். புது முனை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அனல் ஊசியின் வயர் உள்ளே வரைக்கும் பச்சைக் களிம்பு பிடித்து, தொட்டதும் உதிர்ந்துவிட்டது. ஆன்லைனில் போட்டால் கல்யாணத்துக்கு முன் வராது. ஆக ஒரு ஊசியைத்தான் காப்பாற்ற முடியும். டிரம்முக்கா, கோழிக்கா? கோழிக்கு என்று முடிவு செய்தேன். அனலைப் பார்க்க என் கை போதும், ஃபேனை நானே போட்டு அணைத்துக்கொள்வேன். கோழிக்குள் என் கை போகாது.

ஈயம் வைத்துப் பற்றவைக்க யார்? எனக்கு நூல் கோக்கவே கண் தெரியாது. செல்வியின் கையில் உன் சால்டரிங் அயர்னை வைத்து அழுத்தினேன். "மாட்டேன் அண்ணி" என்றாள். "கெடுத்தேன்னு சொன்ன இல்ல? கெடுத்த கையே சரி பண்ணட்டும். எனக்கு சிங்கவரத்துல மானம் போவுது, அழுவறதுக்கு இப்ப நேரம் இல்ல" என்றேன். கொடூரமாகத்தான் சொன்னேன். வேறு வழி இல்லை.

புகை வந்தது. விரலைச் சுட்டுக்கொண்டாள். நீ வைத்தால் சொட்டு மாதிரி மின்னும். அவள் வைத்தது கட்டியாகக் கொழுக்கட்டை மாதிரி இருந்தது. ஐஸ் தண்ணீரில் விட்டோம். எண் இறங்கிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றது. கொதிநீரில் தொண்ணூற்றொன்பது. எங்கே மறுபடி ஏறிவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்று காலை கல்யாணக் கோழியை ஏற்றினேன். டிரம் பக்கத்தை விட்டு நகரவில்லை. முகமெல்லாம் அனல். எழுபத்து நாலு காட்டியது. நம்பலாமா? முன்பும் இதே எண்ணைத்தானே காட்டியது?

கத்தியைச் செல்வியிடம் நீட்டினேன். "நீங்களே வெட்டுங்க அண்ணி" என்று பின்வாங்கினாள். "ஈயம் வெச்சவ நீ. நீயே வெட்டு."

தொடையை எலும்போடு பிளந்தாள். வெள்ளை. துளி ரத்தம் இல்லை. கத்தியைப் போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, நீ போன நாளில்கூட அழாத அழுகையை அழுதாள்.

என் வீட்டுக்காரர், உன் மாமா, லோடு ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சிங்கவரம் போய்விட்டார். போன் இன்னும் வரவில்லை. குறை இருந்தால் இதற்குள் வந்திருக்கும் என்று வியாபாரி புத்தி சொல்கிறது. ஆனாலும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒன்று சொல்லட்டுமா? அடுப்பு கெட்டுக் கிடந்த நாளெல்லாம் நான் உன்னோடு பேசிக்கொண்டே இருந்தேன். திட்டினேன், கெஞ்சினேன், 'வந்து பாருடா' என்றேன். இப்போது சரியாகிவிட்டது. இனி எதைச் சாக்காக வைத்து உன்னைக் கூப்பிடுவேன்? கோழி வெந்ததைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமே வரவில்லையே, அது இதற்குத்தானா? நீ இல்லாமலே ஓடுகிறது, கண்ணு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அனல் ஊசிக்கும் புது முனைக்கும் சொல்லியிருக்கிறேன். வந்ததும் அதையும் செல்விதான் பற்றவைப்பாள். மாட்டேன் என்பாள். விடமாட்டேன். உன் மேசையை யாருக்கும் கொடுக்க மாட்டேன், மூடியும் வைக்க மாட்டேன். அதில் அவள் உட்காருவாள். வயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நான் உட்காருவேன். இது உன் தலைமேல் சத்தியம் என்று எழுதப் போனேன். தலை எங்கே இருக்கிறது? என் தொழில் மேல் சத்தியம்.

உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்த
அக்கா
பூங்காவனம்