நூற்றுக்கு இருபது

கரையான் தின்றது போக மிஞ்சிய என் பயிற்சி நோட்டிலிருந்து இன்று உங்கள் தாள் விழுந்தது, அக்கா. ஸ்டென்சில் மை வாடை இன்னும் போகவில்லை. 'என்ன நினைத்தேன்' என்ற கட்டத்தில் உங்கள் கையெழுத்து: 'நான் செத்துப்போவேன்.' அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்ற இடத்தில் தொண்ணூறு. அதை அடித்துவிட்டு இருபது.

எண்பதுகளின் கடைசி. ஒரே பள்ளியில் டீச்சர்கள் நாம். எண்ணத்தைச் சரிசெய்தால் பயம் தெளியும் என்று கற்றுத்தரும் முதுகலைப் பட்டயத்துக்காகச் சனி, ஞாயிறுகளில் மொரப்பூரில் ரயிலேறிச் சேலம் போவோம். யாரையாவது உட்காரவைத்துப் பேசி, ஒரு கேஸ் எழுதிக் கொடுத்தால்தான் தேர்ச்சி. எனக்கு ஆள் கிடைக்கவில்லை. "என்னையே எழுதிக்க" என்றீர்கள்.

கொஞ்ச நாளாகவே ஸ்டேஷன் படியேறும்போது பாதியில் நின்றுவிடுவீர்கள். இடது தோள் இழுக்கிறது, நெஞ்சு அடைக்கிறது என்பீர்கள். வெறும் படபடப்பை மாரடைப்பு என்று மனம் தப்பாகப் புரிந்துகொள்ளும் என்பதுதான் நமக்கு அப்போது நடந்த பாடம். பாடத்தில் படித்தது கண்ணெதிரே வந்து நிற்கிறதே என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

அந்தச் சனிக்கிழமை ரயில் தாமதம். பிளாட்பார பெஞ்சிலேயே ஆரம்பித்தேன். சாவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம், போன வாரமும் இப்படித்தானே சொன்னீர்கள், செத்தா போனீர்கள் என்றெல்லாம் கேட்டேன், படுபாவி. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். உங்கள் உதடு வெளுத்திருந்தது. காலைக் குளிரிலும் கழுத்தெல்லாம் வியர்வை. பார்த்தேன். தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

"இது மனசு இல்ல பாப்பா, ஒடம்பு" என்றீர்கள். அதையும் ஓர் எண்ணம் என்றே குறித்துக்கொண்டு மறுபடி ஆதாரம் கேட்டேன். கடைசியில் பேனாவை வாங்கி நீங்களே இருபது என்று போட்டீர்கள்.

ரயிலில் என் மனம் கேட்கவில்லை. நிஜமாகவே குறைந்துவிட்டதா என்று கேட்டேன்.

"உன் கேஸு நல்லா வரட்டும்னுதான் போட்டேன். வூட்டுக்குப் போயி படுத்தா சரியாப் பூடும், வுடு."

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சேலத்தில் இறங்கியதும் உங்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நேரே வகுப்புக்குப் போய் அந்தக் கேஸை எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் உங்கள் தம்பி சைக்கிளில் வந்தார். அடுப்படியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்.

மறு சனிக்கிழமை, யாரைப் பற்றியது என்று தெரியாமலே பயிற்சியாளர் அந்தக் கேஸை வாசித்துப் பாராட்டினார். நான் வாய் திறக்கவில்லை. எனக்குத் தேர்ச்சி வேண்டியிருந்தது. அந்த வெட்கம் இன்றுவரை தீரவில்லை.

இத்தனை வருஷமாக என்னிடமும் பயம், படபடப்பு என்று ஆட்கள் வருகிறார்கள். முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நான் துரத்துவதைச் சிலர் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். அழுகிறவர்களைக் கண்டு எனக்குப் பயமில்லை, அக்கா. நான் கேட்கக் கேட்கத் தலையாட்டி, என் முகத்தையே பார்த்து, "இப்பப் பரவால்லைங்க" என்று சீக்கிரமே சொல்லிவிடுகிறவர்களைக் கண்டால்தான் குலை நடுங்குகிறது.