ஒரு லிட்டர் கியர் ஆயில்

தேனி
24.6.2024

அன்புள்ள ஓவியாவுக்கு,

ஜாய்ஸ் எழுதுவது. விடுதியில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் வீட்டுக்குப் பத்து நிமிடம், அவ்வளவுதான். நமக்குக் கடிதம்தான். உனக்கும் இதுதானே வசதி? போனில் உன்னிடமிருந்து "ம்" தவிர எதுவும் வராது.

ஒரு நல்ல செய்தி. உங்கள் அப்பா விற்ற வெள்ளைக் காரை வாங்கியது எங்கள் அப்பா! வேறு மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று அம்மா சொன்னாராம். "முத்துப்பாண்டி மக நம்ம பிள்ளையோட ஒம்பதாவது வரைக்கும் ஒரே பெஞ்சுல இருந்தவ. அந்தப் பிள்ளை கைபட்ட வண்டி. காட்ட என்ன இருக்கு?" என்றாராம் அப்பா. பலசரக்குக் கடையை அடைத்துவிட்டுப் போடியையே ஒரு சுற்று சுற்றி வந்தாராம்.

அன்புடன்,
ஜாய்ஸ்

மார்க்கையன்கோட்டை
28.6.2024

அன்புள்ள ஜாய்ஸுக்கு,

இங்கு எல்லாரும் நலம். வயலில் நடவு நடக்கிறது. அப்பா பழைய கார் பார்க்க ஆண்டிபட்டி போயிருக்கிறார். பட்டறையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பாவிடம் ஒன்று சொல். இன்ஜின் ஆயிலை முழுக்க இறக்கிவிட்டு 20W-50 ரக இன்ஜின் ஆயில் மட்டும் மூன்று லிட்டர் ஊற்ற வேண்டும். இருபத்தாறு வருட இன்ஜினுக்கு அதுதான் சேரும். வேறு எதையும் அதோடு கலக்கக் கூடாது. அதுவரை மலை ஏற வேண்டாம். நான் சொன்னதாகச் சொல்லாதே.

உன்,
ஓவியா

தேனி
8.7.2024

அன்புள்ள ஓவியாவுக்கு,

நேற்று போனில் அப்பாவிடம் சொன்னேன். யாரோ சொன்னார்கள் என்றுதான் சொன்னேன். சிரிக்கிறார். "ஆயில் புதுசா மாத்தித்தான் குடுத்தாக. சத்தமும் இல்ல, புகையும் இல்ல. எவன்டீ உன்னைக் குழப்புறது?" என்கிறார்.

காரணம் சொல்லாமல் சொன்னால் யார் கேட்பார்? வரும் ஞாயிறு பூப்பாறையில் அத்தை குழந்தைக்கு ஞானஸ்நானம். போடிமெட்டு மலை ஏறிக் காரில்தான் போகிறோம். எனக்கும் லீவு கிடைத்துவிட்டது.

அன்புடன்,
ஜாய்ஸ்

மார்க்கையன்கோட்டை
11.7.2024

ஜாய்ஸ்,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. காரணம் சொல்கிறேன்.

அந்த இன்ஜின் தேய்ந்துபோனது. நீலப் புகை தள்ளும், உள்ளே தட்டும். விற்பதற்கு முதல் நாள் இரண்டு லிட்டர் இன்ஜின் ஆயிலில் ஒரு லிட்டர் கியர் ஆயிலைக் கலந்து ஊற்றினோம். கெட்டியான ஆயில் சத்தத்தையும் புகையையும் கொஞ்ச நாள் அமுக்கிவைக்கும். ஊருக்குள் ஓட்டினால் தெரியாது. மேட்டில் சூடேறினால் கலவை நுரைத்துவிடும், போக வேண்டிய இடத்துக்கு ஆயில் போகாது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்து பார், கியர் ஆயிலின் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்.

கலந்தது நான்தான். "ஓவியா கை அளவு பிசகாது" என்று அப்பா சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். யார் வாங்கப்போகிறார்கள் என்று அன்று தெரியாது. தெரிந்த பிறகும் அப்பாவுக்குப் பயந்து பாதிதான் எழுதினேன்.

போடிமெட்டுக்குப் போகாதீர்கள்.

ஓவியா

தேனி
16.7.2024

ஓவியாவுக்கு,

சனிக்கிழமை காலையிலேயே நான் ஊருக்குப் போய்விட்டேன். நேற்றுச் சாயங்காலம் திரும்பியபோது உன் கடிதம் என் கட்டில்மேல் கிடந்தது.

ஞாயிறு காலை போடிமெட்டு ஏறும்போது ஏழாவது வளைவில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. ஒதுக்கி நிறுத்த இடம் பார்த்து அப்பா இன்னும் கொஞ்சம் மேலே ஓட்டினார். உள்ளே ஏதோ முறிந்த சத்தம். இன்ஜின் இறுகி நின்று வண்டி பின்னால் உருண்டது. அப்பா பிரேக்கைப் பிடிப்பதற்குள் அம்மா பயந்து குதித்துவிட்டார். வலது கை முறிந்துவிட்டது.

"லைட்டு எரிஞ்சதுமே நிறுத்தியிருக்கணும். நல்ல வண்டியை நானே கொன்னுட்டேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்கிறார். அம்மாவுக்குச் சோறு ஊட்டும்போதும் அதையே சொன்னார்.

உன் கடிதத்தை அவரிடம் காட்டினால் உன் அப்பா என்ன ஆவார்? மறைத்தால் என் அப்பா சாகும்வரை இப்படியே சொல்லிக்கொண்டிருப்பார். என்னால் முடியவில்லை. கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். நீயே சொல்.

ஜாய்ஸ்

மார்க்கையன்கோட்டை
22.7.2024

ஜாய்ஸுக்கு,

சனிக்கிழமை போடிக்குப் போனேன். கடையில் கூட்டம். "என்னம்மா வேணும்?" என்று உன் அப்பா கேட்டதும், "கால் கிலோ சீனி" என்றுதான் வாயில் வந்தது. பொட்டலத்தை நீட்டும்போது என்னைக் கண்டுகொண்டார்.

"ஏ ஆத்தா, ஓவியாதானே? வண்டி போனதுக்கு அப்பாவை வருத்தப்பட வேண்டாம்னு சொல்லு. அவுக நல்லபடியாத்தான் குடுத்தாக. எனக்குத்தான் ஓட்டத் தெரியல."

உன் அம்மா உள்ளே கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பேருந்து நிலையம்வரை வந்துவிட்டேன். நான் ஏற வேண்டிய சின்னமனூர் பஸ் நின்றது. ஏறவில்லை. திரும்பிப் போய், நீ திருப்பி அனுப்பிய கடிதத்தைத் தராசின் மேல் வைத்துவிட்டு வந்தேன். அவர் பிரிக்கும்வரைகூட நிற்கவில்லை.

அப்பாவிடம் நேற்றிரவு சொன்னேன். அவர் அடிக்கவில்லை. "ஊருக்குள்ள இனி யாரு எங்கிட்ட வண்டி எடுப்பாக?" என்று மட்டும் கேட்டார். இன்று காலை பட்டறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

நீ பதில் எழுத வேண்டியதில்லை. உன் அப்பா இங்கு வந்தால் நான் வீட்டுக்குள் போய் ஒளிய மாட்டேன், வாசலில்தான் நிற்பேன். பேச வருமா என்று தெரியவில்லை.

ஓவியா