நண்டுத் துரையின் கடைசிப் பக்கம்

2603 ஜூன் 3, வியாழன்
(இது ஜப்பான்காரன் கணக்கு. நம் கணக்கில் 1943.) நல்ல வெயில். மாமாவின் அச்சகத்தைப் பெருக்கினேன். காகிதம் கிடைக்காமல் பூட்டியே கிடக்கிறது. மூலையில் விற்காத ‘நண்டுத் துரை’ கட்டுகள். போருக்கு முன் அச்சிட்ட சிறுவர் கதை. ஆசிரியர்: கடற்கரைவாசி. யாரோ தபாலில் அனுப்பியது என்று மாமா இன்னும் நம்புகிறார். அனுப்பியது நான். யாருக்கும் தெரியாது.

கட்டுகள் எல்லாம் இன்று முனியாண்டி அண்ணனுக்கு, பொட்டலம் மடிக்க. கச்சாங்காரர், கடலை விற்றவர். இப்போது விற்பது மரவள்ளிச் சீவல். பெயர் மட்டும் மாறவில்லை. பதிலுக்கு ஒரு கூடை கிழங்கு தந்தார்.

“யாரும் வாங்காத கதை லா. கிழங்காச்சும் ஆச்சே,” என்றார் மாமா.

கிழங்கு தொண்டையில் இறங்காது என்று நினைத்தேன். இறங்கியது. பசி.

ஜூன் 12, சனி
தூறல். சீவல் வாங்கப் போனேன். பொட்டலத்தில் என் ஒன்பதாம் பக்கம், எண்ணெயில் கண்ணாடியாக. எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் சாரதா, பத்து வயது.

“ஒம்போதாம் பக்கம் வேணாண்ணே! எங்கிட்ட அதுல மூணு இருக்கு. பதிமூணுல மடிச்சுக் குடுங்க.”

“பாப்பா, நீ சீவல் வாங்க வந்தியா, புக்கு வாங்க வந்தியா?”

இரண்டு ஐந்தாம் பக்கத்துக்கு ஒரு பதிமூன்றாம் பக்கம். இதுதான் தெருவில் இன்றைய மாற்று. ஒரு பதிமூன்று படகேறி அக்கரைக்கு, பாகான் டாலாமுக்கே போய்விட்டதாம்.

கடையில் ஒருவரும் வாங்காத புத்தகம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

ஜூன் 15, செவ்வாய்
சிக்கல். எல்லாரையும் பக்கவாட்டில் நடக்கச் சொல்லி அதிகாரம் செய்யும் நண்டுத் துரை முப்பதாம் பக்கத்தில் கூடையில் மாட்டுகிறார். முப்பத்தொன்று யாரிடமும் இல்லை. காரணம் மாமா. கடைசித் தாளின் பின்பக்கம் வெறுமை என்பதால் அதை மட்டும் எல்லாப் பிரதியிலும் கிழித்து வைத்துக்கொண்டாராம், நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் மொழி, எழுதிப் பழக. பழகிய தாள்களை அடுப்பில் போட்டாயிற்று.

ஜூன் 16, புதன்
பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வாசலில். மாமா சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

“பாதிக் கதை நான் திருத்தினதுதான்,” என்று தொடங்கி (ஒரு கால்புள்ளி கூடத் திருத்தவில்லை) முடிவைச் சொன்னார். நண்டு அழுகிறது, மன்னிப்புக் கேட்கிறது, நேராக நடக்கப் பழகிப் பள்ளிக்கூடம் போகிறது.

“ஐயே!” என்றாள் சாரதா. “மாமா, உங்களுக்குக் கத சொல்லத் தெரியல லா. எங்க நண்டு அப்படியெல்லாம் செய்யாது.”

எல்லாரும் ஊளையிட்டார்கள். மாமா உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினார்.

பாவம் அவர். எழுத்துக்கு எழுத்து என் முடிவு அது. சன்னலுக்குப் பின்னால் காது எரிய நின்றேன்.

ஜூன் 17, வியாழன்
படகுத்துறையில் ஜப்பான் காவல்காரனுக்குக் குனிந்து வணங்கினேன். போதாது என்றான். இன்னும் குனிந்தேன். வரும் வழியெல்லாம் ஒரே நினைப்பு: நண்டால் குனிய முடியாது. இடுப்பே கிடையாது. அதைப் போய் மன்னிப்புக் கேட்க வைத்தேனே.

புது முப்பத்தொன்றாம் பக்கம் எழுதினேன், பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்புறம். அச்செழுத்துப் போல ஆறு பிரதி. கூடையைத் தூக்கியவனின் விரலைத் துரை பிடிக்கிறார். “நட, பக்கவாட்டில்!” வலியில் அவன் பக்கவாட்டில் ஆடி ஆடி, கடல் வரைக்கும்.

ஜூன் 18, வெள்ளி
விலை கேட்கும் சாக்கில் முனியாண்டி அண்ணனின் கட்டுக்குள் ஆறையும் செருகினேன்.

ஜூன் 20, ஞாயிறு
மழை. சாரதா தலை நனைய ஓடி வந்தாள். “அக்கா! முப்பத்தொண்ணு! அது மன்னிப்பே கேக்கல!”

“யார் எழுதினது?”

“யாரோ. மாமா இல்ல, அது நிச்சயம்.”

கையை நீட்டினேன். பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“குடுக்கமாட்டேன். இருவது பக்கம் குடுத்தாலும் மாட்டேன். நான் புடிச்சுக்கிறேன், நீங்க தள்ளி நின்னு படிங்க. தொடக்கூடாது.”

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படித்தேன்.